குற்றம் கையில் அல்ல, வாயில்

சென்ற மாதம் திருமயத்தில் ஒரு காதுகுத்து. பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது பேச்சு எங்கெங்கோ சுற்றி வீட்டுச் சாமான்களில் வந்து நின்றது. பொறியாளராக இருக்கும் என் தங்கை மகன் சொன்னான்: "மாமா, நம்ம ஊருக்கு இந்த வேக்குவம் கிளீனரெல்லாம் ஒத்தே வராது. எல்லா வீட்லயும் பரண் மேலதான் கெடக்கு. நம்ம பொம்பளைங்களுக்கு வெளக்கமாறுதான் கைப்பழக்கம். மெஷின் புடிக்கத் தெரியாது."

சுற்றி இருந்த ஆண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். திரும்பி வரும்போது பேருந்தில் என் மனைவி பேசவே இல்லை. நமணசமுத்திரம் தாண்டிய பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அவனச் சொல்லி என்னங்க. நீங்களும் முப்பது வருஷமா அதத்தானே சொல்லிக்கிட்டு இருக்கீங்க."

உண்மைதான். எங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று கிடந்தது. அதற்குக் காரணம் அவள்தான் என்று நானும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன். மறுநாள் காலை ஏணி போட்டு அதை இறக்கினேன். ஒரு வாரம் அதோடு மல்லுக்கட்டினேன். அதன் பிறகே இதை எழுதுகிறேன். என் மருமகனுக்கும், அவனைப் போலச் சிரித்தவர்களுக்கும், முதலில் எனக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில்.

குற்றம் பிடித்த கையில் இல்லை. இயந்திரத்தின் வாயில் இருக்கிறது. தரையைத் தொடும் அந்தப் பட்டையான முனையை நாசில் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் வாய்.

1993-ல் வாங்கியது. அப்போது திருமயத்தில் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். டை கட்டிய ஒரு பையன் வீடு தேடி வந்தான். கையோடு கொண்டுவந்த சிறு கம்பளத்தை விரித்து, அதில் மண்ணைத் தூவி, ஒரு இழுப்பில் எடுத்துக் காட்டினான். பிறகு எங்கள் மெத்தையில் வாயை வைத்து, நடுவில் ஒரு வெள்ளைத் துணியைக் கொடுத்து, துணியில் படிந்த கறுப்பை எடுத்துக் காட்டினான். "இதுலதான் சார் தினம் படுக்கிறீங்க" என்றான். எனக்கு மானமே போய்விட்டது. இரண்டு மாதச் சம்பளம், தவணையில்.

இப்போது யோசித்தால் ஒன்று புரிகிறது. அந்தப் பையன் எங்கள் தரையை ஒரு முறைகூடக் கூட்டிக் காட்டவில்லை. கம்பளத்திலும் மெத்தையிலும்தான் காட்டினான். எங்களிடம் கம்பளம் கிடையாது. இந்த மாவட்டத்தில் எத்தனை வீடுகளில் கம்பளம் இருக்கிறது? ராயவரம், கடியாபட்டி, அரிமளம் என்று எந்தச் செட்டிநாட்டு ஊருக்குப் போனாலும் ஆத்தங்குடிக் கல்தான். கண்ணாடிப் பலகை மேல் வண்ணக் கலவையும் சிமெண்டும் மணலும் ஊற்றி, சூளையில் வைக்காமல் தண்ணீரில் ஊறவைத்து எடுக்கும் கல். கால்பட்டுக் கால்பட்டு மெருகேறிக் கண்ணாடி போல் ஆகிவிடும். அது இல்லாத வீட்டில் ரெட் ஆக்சைடு, மொசைக், இன்றைக்கு டைல்ஸ். எல்லாமே வழவழப்பான, சமமான, கெட்டித் தரை.

அந்தத் தரையில் என் மனைவி இயந்திரத்தை ஓட்டிய முதல் நாளே சொன்னாள்: "ஏங்க, இது தரையைக் கடிச்சுக்கிட்டு வரமாட்டேங்குது." நான் செய்தித்தாளில் இருந்து தலையை எடுக்காமல், "பழகப் பழகச் சரியாப் போகும்" என்றேன். வேலைக்கு வந்த அம்மாவும் அதையே சொன்னார்: "கடிக்கிதுங்கய்யா." இரண்டு பெண்கள், ஒரே சொல். ஒரு அலுவலகத்தில் இரண்டு பேர் தனித்தனியே ஒரே குறையை எழுதிக் கொடுத்திருந்தால் கோப்பு திறந்து குறிப்பு எழுதி மேலே அனுப்பியிருப்பேன். வீட்டில் அதைச் செய்யவில்லை.

அது ஏன் கடிக்கிறது என்று இப்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் பள்ளியில் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். அந்த மொழியில் இந்த இயந்திரத்துக்கு ஆஸ்பிராத்தேர் என்று பெயர். மூச்சை உள்ளே இழுப்பது என்னும் வினையிலிருந்து வந்த சொல். ஆனால் எங்கள் இயற்பியல் ஆசிரியர் சொல்லிக் கொடுத்தது வேறு. இழுப்பது என்று ஒன்று உலகத்தில் இல்லை, வெளியில் இருக்கும் காற்று தள்ளுகிறது, அவ்வளவுதான் என்பார். 1648-ல் பாஸ்கால் தன் அக்காள் கணவரிடம் பாதரசக் குழாயைக் கொடுத்துப் புய்-தெ-தோம் என்ற மலைமேல் ஏறச் சொன்ன கதையைச் சொல்வார். மேலே போகப் போகப் பாதரசம் இறங்கியது. மேலே அமுக்கும் காற்று குறைவு என்பதுதான் காரணம். அந்த பாஸ்காலின் பெயர்தான் இன்று விளம்பரங்களில் கிலோபாஸ்கல் என்று வந்து நிற்கிறது.

நம் தலைமேல் இருக்கும் காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமார் ஒரு கிலோ அளவுக்கு அமுக்குகிறது. வீட்டு இயந்திரம் ஒன்று, வாயை முழுவதும் அடைத்துவிட்டால், உள்ளே அழுத்தத்தைச் சுமார் 20 கிலோபாஸ்கல் குறைக்கும் என்று வைத்துக்கொள்வோம். அதாவது வெளிக்காற்றில் ஐந்தில் ஒரு பங்கு, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 200 கிராம். எங்கள் இயந்திரத்தின் வாயை ஸ்கேல் வைத்து அளந்தேன். நீளம் 26 சென்டிமீட்டர், அகலம் ஒன்றரை. 39 சதுர சென்டிமீட்டர். பெருக்கினால் ஏறத்தாழ 8 கிலோ.

வழவழப்பான கல்லில் வாய் முழுவதும் படிந்துவிட்டால், எட்டு லிட்டர் தண்ணீரைத் தலையில் வைத்தது போல அது தரையோடு ஒட்டும். அதைத் தள்ளிக்கொண்டு வீடு முழுக்கப் போ என்றால் யாருக்குப் பழகும்? இதில் இன்னொரு கேலிக்கூத்து: அப்படி ஒட்டிக்கொண்டிருக்கும்போது தூசியும் ஏறாது. காற்று ஓடினால்தானே அதோடு தூசி ஓடும்? இளநீர்க் குழலை அடியில் வைத்து அமுக்கிப் பாருங்கள், எவ்வளவு உறிஞ்சினாலும் ஒன்றும் வராது. குழலைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிட்டாலும் வராது, வெறும் காற்றுதான் வரும். நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியைப் பிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கம்பளத்தில் இந்தத் தொல்லை இல்லை. கம்பளத்தின் இழைகளுக்கு நடுவே காற்று புகுந்து வரும். ஆகவே தட்டையான வாய் அங்கே ஒழுங்காக வேலை செய்யும். வெறும் தரையில் அந்த வழி கிடையாது. வாயைச் சற்றுத் தூக்கிப் பிடித்தால் என்ன என்று கேட்கலாம். அதுவும் ஆகாது. ஊதும் காற்று தூரம் போகும், உறிஞ்சும் காற்றுக்கு அந்த எட்டு கிடையாது. ஒரு குழாயின் வாயிலிருந்து அதன் விட்டத்தின் அளவே தள்ளிப் போனாலும் காற்றின் வேகம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகிவிடும். மெழுகுவர்த்தியை ஒரு முழம் தள்ளி நின்று ஊதி அணைக்கலாம். உறிஞ்சி அணைக்க முடியுமா? ஆகவே வாய் தரைக்கு மிக அருகிலும் இருக்க வேண்டும், அடைத்துக்கொள்ளவும் கூடாது. அதுவும் தரைக்குத் தக்கபடி, தூசிக்குத் தக்கபடி மாற வேண்டும். நுண்ணிய செம்மண் தூளுக்கு ஒரு உயரம், சிந்திய உளுந்துக்கு ஒரு உயரம், தலைமுடிக்கு ஒன்று.

இந்த இடத்தில் என் மருமகன் குறுக்கிடுவான்: "அதுக்குத்தான் மாமா வாயிலயே ஒரு மிதி இருக்கு. மிதிச்சா குஞ்சம் கீழ எறங்கும்." சரி. இருக்கிறது. ஏணி போட்டு இறக்கிய அன்றுதான் அதை நானே பார்த்தேன். விற்க வந்தவன் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் இருந்த கையேட்டைப் படிக்கத் தெரிந்தவன் வீட்டில் நான் ஒருவன்தான்; நானும் படிக்கவில்லை. அந்தப் பழி என்னைச் சேரும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மிதித்துப் பார்த்தபோது இறங்கிய குஞ்சம் அரை அங்குலம்கூட இல்லை. ஓரங்களில் வளைந்து, நடுவில் தேய்ந்து, வாய் மறுபடியும் கல்லில்தான் உட்கார்ந்தது. வாங்கிய முதல் நாள் கடித்தது மிதியை மிதிக்காததால். மிதித்திருந்தாலும் சில மாதத்தில் கடித்திருக்கும். ஆக, நம் தரைக்கு இன்றியமையாத உறுப்பு அந்த இயந்திரத்தில் ஒப்புக்கு ஒட்டிய உறுப்பு. முதன்மை வேலை கம்பளத்துக்கு. வெறும் தரை மிச்சம் மீதி.

அது மட்டுமா? குஞ்சம் நான்கு பக்கமும் சுவர் போல் அடைத்திருந்தது. சிந்திய அரிசியை அது உள்ளே விடாது, முன்னால் தள்ளிக்கொண்டே போகும். குழாயின் நீளத்தைக் கூட்டிக் குறைக்க வழி இல்லை. ஐந்தடி மனுஷிக்கும் ஆறடி ஆளுக்கும் ஒரே நீளம். குனிந்து கூட்டும் இடுப்புவலிக்காக வாங்கிய இயந்திரத்தையும் குனிந்தே பிடிக்க வேண்டியிருந்தது. கைப்பிடியில் காற்றைக் கொஞ்சம் வெளியே விடும் சிறு திறப்பு இருந்தது. அதைத் திறந்தால் கடி குறையும். ஆனால் அது கட்டை விரலுக்கு எட்டாத இடத்தில், நகத்தால் நெம்பித் திறக்கும்படி இருந்தது. அதைச் செய்தவர் ஒரு நாளாவது கூட்டியிருந்தால் அங்கே வைத்திருக்க மாட்டார்.

இன்றைக்குக் கடைக்குப் போய்ப் பாருங்கள். அட்டைப்பெட்டியில் எவ்வளவு பெரிதாக எழுத முடியுமோ அவ்வளவு பெரிதாக எழுதியிருப்பது வாட் எண். 1200, 1400, 1600. கூடவே கிலோபாஸ்கல். வாட் என்பது இயந்திரம் எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்பதன் அளவு. எவ்வளவு தூசி எடுக்கிறது என்பதன் அளவு அல்ல. அதிகம் தின்கிறவன் அதிகம் உழைக்கிறவன் என்று எந்த ஊரில் சொல்வார்கள்? கிலோபாஸ்கலும் பெரும்பாலும் வாயை முழுக்க அடைத்து அளந்த எண். அடைத்தால் காற்று ஓடாது, தூசி ஏறாது. எந்த நிலையில் இயந்திரம் ஒரு உபயோகமும் இல்லாமல் கிடக்கிறதோ, அந்த நிலையின் எண்ணைப் பெட்டியில் அச்சடித்து நம்மிடம் விற்கிறார்கள். மோட்டாரின் வலிமை கூடக் கூட, வாய் சரியில்லாவிட்டால், கடிதான் கூடும்.

இது என் கிழட்டுப் புலம்பல் அல்ல. ஐரோப்பிய ஒன்றியம் இதைச் சட்டமாகவே கொண்டுவந்தது. 2014 செப்டம்பர் முதல் வீட்டு இயந்திரங்கள் 1600 வாட்டுக்கு மேல் போகக் கூடாது என்றது. 2017 செப்டம்பரில் அதை 900 ஆக்கியது. சத்தத்துக்கும் 80 டெசிபல் என்று வரம்பு கட்டியது. கம்பளத்தில் எவ்வளவு தூசி எடுக்கிறது, இடுக்கு உள்ள வெறும் தரையில் எவ்வளவு எடுக்கிறது என்று தனித்தனியே அளக்கச் சொன்னது. 'வேக்குவம் கிளீனர் செத்தது' என்று கூச்சல் போட்டவர்கள் உண்டு. ஒன்றும் சாகவில்லை. மோட்டாரைப் பெரிதாக்கித் தப்பிக்கும் வழி அடைபட்டதால், காற்றுப் போகும் பாதையையும் வாயையும் திருத்த வேண்டியதாயிற்று.

அதிலும் ஒரு பாடம் இருக்கிறது. அந்தச் சட்டத்தோடு வந்த தரக்குறியீட்டு விதியை டைசன் நிறுவனம் நீதிமன்றத்துக்கு இழுத்தது. காலிப் பையை வைத்துச் சோதிக்கிறீர்கள், வீட்டில் பை நிறைந்துதானே இருக்கும் என்பது வழக்கு. 2018 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. சோதனை என்பது வீட்டில் நடப்பதற்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவு நெருங்கி இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். அந்த நியாயத்தை நம் ஊருக்குக் கொண்டுவாருங்கள். நம் வீட்டில் நடப்பது என்ன? ஆத்தங்குடிக் கல், மொசைக், டைல்ஸ். செம்மண் தூள், அரிசி, உளுந்து, தேங்காய் நார், முடி. மின்விசிறிக்கும் குளிர்பெட்டிக்கும் நட்சத்திரம் ஒட்டப் பழகிவிட்டோம். இந்தத் தரையில் இந்தக் குப்பையை எவ்வளவு எடுக்கும் என்று பெட்டியில் ஒரு வரி போடச் சொன்னால் என்ன?

"இதெல்லாம் எதற்கு, துடைப்பமே போதும், அதுதான் நம் பாரம்பரியம்" என்று சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வாசலுக்கும் முற்றத்துக்கும் ஈர்க்குமாறைப் போல ஒன்று இல்லை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வீட்டுக்குள் கூட்டும் பூந்துடைப்பத்தின் புல் பெரும்பாலும் வடகிழக்கு மலைகளிலிருந்து, மேகாலயா பக்கமிருந்து வருகிறது. புதிதாக வாங்கினால் அதுவே ஒரு வாரம் தூள் கொட்டும். அதனால் பாரம்பரியப் பேச்சை வாசலோடு நிறுத்திக்கொள்வோம்.

துடைப்பம் பெரிய குப்பையைத் தள்ளும், நுண்ணிய தூசியை எழுப்பும். எழுந்த தூசி அடங்குவதற்குள் கூட்டுகிறவர் அதை மூச்சில் வாங்குவார். நான் வேலை பார்த்த அலுவலகம் ஒன்றில் பதிவறை இருந்தது. சிவப்புத் துணியில் கட்டிய கோப்புக் கட்டுகள் கூரை வரை. காலையில் கூட்ட வரும் அம்மா முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டுதான் உள்ளே போவார். நாங்கள் பத்து நிமிடம் வராந்தாவில் நின்று டீ குடிப்போம், தூசி அடங்கட்டும் என்று. அவர் உள்ளே இருந்தார். அவருக்கு அடங்கும் வரை நிற்க வராந்தா கிடையாது. இதே வேலைக்கு ஆவணக் காப்பகங்களில், காகிதம் கிழியாதபடி இழுப்பைக் குறைத்து, வாயில் வலைத்துணி கட்டி, இயந்திரத்தால் தூசி எடுக்கிறார்கள். கூட்டிக் குறைக்கும் வாய் இருந்தால் அங்கேயும் வேலை நடக்கும் என்பதற்கு அது சாட்சி.

என் மனைவிக்கு ஐந்தாறு வருடமாக வீசிங். தூசி ஆகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அப்போதும் நான் பரணைப் பார்க்கவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்துக் கூட்டச் சொன்னேன்.

இந்த இயந்திரத்தின் கதையில் எனக்குப் பிடித்த மனிதர் ஒருவர் உண்டு. 1901-ல் லண்டனில் ஹூபர்ட் செசில் பூத் செய்த முதல் இயந்திரம் குதிரை வண்டியில் வந்து தெருவில் நிற்கும். குழாயை ஜன்னல் வழியாக விடுவார்கள். வீட்டுக்குள் கையில் பிடிக்கும் மின் இயந்திரத்தைச் செய்தவர் ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்லர். அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்துக் கேன்டன் ஊரில், ஒரு கடையில் கூட்டிப் பெருக்கும் வேலை பார்த்தவர். ஆஸ்துமாக்காரர். கூட்டும்போது எழும் தூசி தாங்காமல், ஒரு மின்விசிறி மோட்டார், துடைப்பக் கட்டை, தலையணை உறை இவற்றை வைத்துக் கட்டினார். 1908-ல் காப்புரிமை. அதை வாங்கியவர்தான் ஹூவர். அதாவது இதைக் கண்டுபிடித்தவர் துடைப்பம் பிடித்தவர், மூச்சுத் திணறியவர். எங்கே இந்த இயந்திரம் கெட்டது என்றால், கூட்டாதவர்கள் வரைந்து, கூட்டாதவர்கள் விற்று, கூட்டாதவர்கள் வாங்கத் தொடங்கிய இடத்தில்தான். மூன்றாவது ஆள் நான்.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். தேய்ந்த குஞ்சத்தை எடுத்துவிட்டேன். வாயின் இரண்டு ஓரங்களிலும் பழைய வெல்வெட் துணியை மடித்து ஒட்டினேன், இரண்டு நாணயங்களை அடுக்கிய உயரத்துக்கு. முன்பக்கம் மூன்று இடத்தில் விரற்கடை இடைவெளி விட்டேன், அரிசி பருப்பு நுழைய. செலவு பசைக்கு மட்டும்தான். முதலில் நானே ஓட்டினேன், வழுக்கிக்கொண்டு போனது. கல்லில் கீறலும் இல்லை. பிறகு வேலைக்கு வரும் அம்மாவிடம் கொடுத்தேன். கூடம் முழுக்கக் கூட்டிவிட்டு வந்து, "இப்பக் கடிக்கலங்கய்யா" என்றார். என் மனைவி உடனே ஒன்றும் சொல்லவில்லை. மாலையில் பார்த்தால், அவளே எடுத்து ஊஞ்சலுக்கு அடியில் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். இயந்திரம் பழசு, பின்பக்கம் துணிப்பை வழியாக மெல்லிய தூசி கொஞ்சம் வெளியே வருகிறது. சத்தமும் குறையவில்லை. நல்ல வடிகட்டி உள்ள புதிய இயந்திரம் வாங்கத்தான் வேண்டும். என் வெல்வெட் வாயைப் புதியதில் மாட்ட முடியுமா என்று கடையில் கேட்டேன். முடியாதாம். ஒன்றின் குழாய் 32 மில்லிமீட்டர், இன்னொன்று 35. எந்தக் கம்பெனி பல்பை வாங்கினாலும் நம் வீட்டு ஹோல்டரில் மாட்டுகிறோம். செல்போன் சார்ஜருக்கே 2024 டிசம்பரிலிருந்து ஒரே வாய்தான் என்று ஐரோப்பாவில் சட்டம் வந்துவிட்டது. கூட்டும் குழாய்க்கு ஒரே விட்டம் வைக்க முடியாதா? வைத்துவிட்டால், நம் தரைக்கு ஏற்ற வாயை நம் ஊர்ப் பட்டறைக்காரரே செய்து விற்பார்.

கேட்பது பெரிதில்லை. தரைக்குத் தக்கபடி உயரம் திருகி மாற்றும் வாய். தேய்ந்தால் தனியாக வாங்கி மாட்டும் குஞ்சம். கட்டை விரலுக்கு எட்டும் காற்றுத் திறப்பு. ஆளுக்குத் தக்க நீளும் குழாய். எல்லாருக்கும் ஒரே விட்டம். கூடவே தமிழில் ஒரு பக்கக் கையேடு. இவற்றில் சில விலை கூடிய இயந்திரங்களில் ஏற்கெனவே இருக்கின்றன. எல்லாருக்கும் வேண்டியதை வசதிக்காரருக்கு மட்டும் வைப்பது நியாயமில்லை.

தங்கை மகனுக்குத் தொலைபேசியில் இதையெல்லாம் சொன்னேன். "நீங்க இன்ஜினியருக்குப் படிச்சிருக்கணும் மாமா" என்று சிரித்தான். "இல்லடா, ஒரு நாள் கூட்டியிருக்கணும்" என்றேன். அடுத்த முறை அவன் வரும்போது கூடத்தைக் கூட்டச் சொல்லப் போகிறேன், பழைய வாயை மாட்டிக் கொடுத்து.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று கிடந்தால் இறக்குங்கள். வாயைத் திருப்பிப் பாருங்கள். பிறகு, இத்தனை நாள் யாரைக் குறை சொன்னீர்களோ, அவர்களிடம் போய் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் சொல்லிவிட்டேன். முப்பது வருடம் தாமதம்தான். "சரி சரி, அந்த ஏணிய எடுத்து உள்ள வைங்க" என்றாள்.